அட்டையில் சொட்டிய சிவப்பு

பாப்பாவின் அம்மாவுக்கு,

இன்று காரை எடுக்காதே. சாவி என் சட்டைப் பையில், என்னோடு இருக்கிறது. நேற்று வண்டிக்கு அடியில் அட்டை விரித்து வைத்தேன். காலையில் பார்த்தால் சிவப்பாகச் சொட்டியிருக்கிறது. எஞ்சின் ஆயில் என்றால் கறுப்பாக இருக்கும். இது கியர் ஆயில். உன் மெக்கானிக் வந்த மூன்று தடவையும் எஞ்சின் ஆயில்தானே ஊற்றினான்?

"அவரு கை பட்டாலே வண்டி பேசுதுங்க"ன்னு சொன்னாயே. மூட்டை தூக்குகிற இந்தக் கையைப் பற்றி ஒரு நாளாவது அப்படிச் சொன்னாயா?

சோறு மூடி வைத்திருக்கிறேன், சாப்பிடு.

இப்படியே ஓட்டினால் கியர் பெட்டி போய்விடும். வேறு ஆள் தெரியாது, அவனையே கூப்பிடு. ஆனால் ஆறு மணிக்கு மேல் வரச் சொல். நான் வந்து குளித்துவிட்டு நிற்பேன்.

என் நீலச் சட்டையைத் தேய்த்து வை.