திரும்பி வராத காகம்

என்னைக் காக்கச்சி என்று கூப்பிட்ட அப்பாவுக்கு,

நீங்கள் போய் ஒரு வருடம் ஆகிறது. நம் பொழியூரில் கடல் இன்னும் உள்ளே வந்துவிட்டது. வீட்டை விட்டு நகர மாட்டேன் என்று அம்மா தனியாகவே இருக்கிறாள். நம் வீட்டில் முதலில் பட்டம் வாங்கிய நான், ஹைதராபாத்தில் உட்கார்ந்து மேலும் படித்துக்கொண்டிருக்கிறேன். இதை எழுதவே கை கூசுகிறது.

உங்கள் நினைவு ஜெபத்துக்கு வந்தேன். வேதம் வாசிக்க அம்மா என்னைத்தான் நிறுத்தினாள். உங்களுக்குப் பிடித்த வெள்ளப் பகுதி, பேழைக் கப்பலில் உயிர்கள் தப்பும் கதை. நாலு பேர் பார்த்தாலே எனக்கு வாசிப்பு தடுமாறும், தெரியுமே. தண்ணீர் வடிந்ததா என்று பார்க்கப் பேழையின் ஜன்னலைத் திறந்து காகத்தை விட்ட இடம் வந்ததும் நின்றுவிட்டேன். அதற்குமேல் போதகர்தான் வாசித்தார்.

லீவுக்கு வராதபோதெல்லாம் போனில் என்ன சொல்வீர்கள்? "புறான்னா இலையோட திரும்பி வந்திருக்கும் மக்கா. நீ காக்கையாக்கும், போனா போனதுதான்." அப்போது இரண்டு பேரும் சிரித்தோம்.

நான் படிப்பது பாபிலோனியக் களிமண் பலகைகளை. நம் வேதத்தைவிடப் பழையவை. அவற்றிலும் வெள்ளம் உண்டு, பேழை உண்டு. அதைவிடப் பழைய சுமேரியப் பலகையிலும் வெள்ளமும் படகும் உண்டு. அங்கிருந்துதான் கதை ஒவ்வொரு வாயாகக் கடந்து நம்மிடம் வந்தது என்கிறார்கள். ஆனால் பாபிலோனியக் கதையில் முதலில் போவது புறா, பிறகு தகைவிலான் குருவி. இரண்டும் இறங்க இடமில்லாமல் திரும்புகின்றன. கடைசியில் போன காகம் தண்ணீர் வடிந்ததைக் கண்டு, இரை தின்று, திரும்பவே இல்லை. அது திரும்பாததுதான் கரை உண்டு என்ற செய்தி.

படித்த அன்று பெரிய நிம்மதி வந்தது அப்பா. இப்போது உறுத்துவது அந்த நிம்மதிதான். அம்மாவை விட்டுப் போவதற்கு மண்ணுக்குள் கிடந்த பலகையில் நியாயம் தேடினேனா? நீங்கள் நம்பிய கதைக்கு வேறு வேர் உண்டு என்று சொல்லியிருந்தால் வருந்தியிருப்பீர்களா?

ஜெபத்துக்கு வந்தவர்கள் போனபிறகு, தம்ளர் கழுவும்போது அம்மா கேட்டாள்.

"காக்கா வந்ததும் ஏன் மக்கா வாயடைச்சுப் போன?"

எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்போ அவிய கதையில காக்கா வராதது நல்ல சேதி, இல்லியா?"

"ஆமா."

"பேழைக்குள்ள இருந்தவருக்கு அது சரி. அவருக்குக் கூட ஆளு உண்டு, ஆடுமாடு உண்டு. எனக்கு ஆரு உண்டு? கரை கண்டா ஒரு போன் பண்ணணும், கேட்டியா. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிஞ்சதும்."

"பண்ணினா கோவத்துல நீ எடுக்கவே மாட்டியே."

"எடுக்கல்லேன்னா என்ன? பெல் அடிச்சா மதி, அது போதும்."

தம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

நாளை பாறசாலையில் ரயில் ஏறுகிறேன். படிப்பை விட மாட்டேன். வராததற்கு அதை இனிச் சாக்காகவும் சொல்ல மாட்டேன். ஞாயிறுதோறும் ஆராதனை முடிந்ததும் நம் வீட்டில் பெல் அடிக்கும் அப்பா. அம்மா எடுக்கும்வரை அடிக்கும்.

உங்கள் மகள்,
காக்கச்சி