ஆறாம் பாடம் மட்டும் வரவில்லை

குரங்கணி
14.6.1979

அன்புள்ள அன்னக்கொடிக்கு,

உன் கையால் நீயே எழுதிய முதல் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே திரிகிறேன். முதியோர் கல்விக்குப் போய் எட்டே மாதத்தில் இப்படி எழுதுவாய் என்று நினைக்கவில்லை.

தொழிலாளர் சங்கத்தில் தலைவர் வேலையோடு எனக்கு இன்னொரு பொறுப்பும் கொடுத்திருக்கிறார்கள். ஏலத்தோட்டத்து ஆட்களுக்கு அரசியல் கொள்கைகளைச் சொல்லித்தரும் சின்னப் புத்தகம், மொத்தம் ஆறு பாடம். எழுத எழுத உனக்கு அனுப்புகிறேன். உனக்கு விளங்கினால் மலையில் எல்லாருக்கும் விளங்கும். விளங்காததைக் கேள்.

முதல் இரண்டும் இத்துடன் இருக்கின்றன. தாராளவாதம் என்பது, ஒவ்வொருவன் வாழ்க்கையும் அவனுக்கே சொந்தம், அரசு அதில் வீணாகக் கை வைக்கக்கூடாது என்பது. அதற்கு உயிர் சுதந்திரம். பழமைவாதம் என்பது, பல தலைமுறை பார்த்து நிலைத்த வழக்கத்தை ஒருநாள் யோசனையில் உடைக்காதே என்பது. அதற்கு உயிர் ஒழுங்கு.

ஊருக்கு வரத்தான் நினைக்கிறேன். வேலை விடமாட்டேன் என்கிறது. உன் தம்பி கருப்பன் போட்டோவுக்கு என் பேரிலும் ஒரு பூ வை.

அன்புடன்,
மொக்கச்சாமி


சிலமலை
22.6.1979

மாமாவுக்கு அன்னக்கொடி எழுதிக்கிறது. நானும் பசுவும் கன்னும் நல்லாருக்கோம். போடிக்கு ஒரு பஸ்சு, அங்கருந்து குரங்கணிக்கு ஒரு ஜீப்பு. ஒரு பகல்ல வந்துட்டுத் திரும்புற தூரத்துல இருந்துக்கிட்டு தபால்ல குடும்பம் நடத்துறது இந்தச் சீமையில நாம மட்டுந்தான். என் தம்பிக்குக் காரியம் முடிஞ்ச அன்னிக்குப் போன ஆளு நீங்க.

பாடம் வாசிச்சேன். எங்கய்யா காலத்துல கம்மாய் மடைய எடம் மாத்தணும்னு ஒரு இஞ்சினியரு வந்தாரு. அந்த வெயில்ல கோட்டு போட்டுக்கிட்டு வந்தாரு மனுசன். மோர் ஊத்துனது நாந்தான், நாலு சொம்பு குடிச்சாரு. நாலாவது சொம்புக்கு உப்புப் போடல, அதையும் குடிச்சாரு. எங்கய்யா, "மட அங்க இருக்குன்னா ஒரு காரணம் இருக்கும் சார்"ன்னாரு. அவரு கேக்கல. மறுவருசம் தண்ணி எங்க வீட்டுக்குள்ள. அப்ப எங்கய்யா சொன்னது பழமைவாதம், சரியாத்தான் இருந்துச்சு. ஆனா அதே எங்கய்யாதான் பொட்டப்பிள்ளைக்கு எழுத்து எதுக்குன்னாரு. அதுவும் காலங்காலமா வந்த வழக்கந்தான? ரெண்டையும் ஒரே சாக்குல எப்படிக் கட்டுறீக?

தாராளவாதமும் கேக்க நல்லாத்தான் இருக்கு. மொதலாளி, "இந்தக் கூலிக்கு வந்தா வா, உன் இஷ்டம்"ங்கிறாரு. வயித்துக்கு ஏது இஷ்டம்? அதையும் சேத்து எழுதுங்க.

இன்னொண்ணு சொல்லணும். பட்டப்பகல்ல, மதியச் சோத்துக்கு உலை வைக்கிற நேரம், அடுக்களைக்குள்ள இருமல் கேக்குது. கருப்பன் இருமல். எட்டிப்பாத்தா ஆளில்ல. ஏலக்காயும் பொகையும் சேந்த வாசன மட்டும் நிக்குது.

கேட்ட அன்னிக்கெல்லாம் எனக்கு வெறி வருது. ஸ்ட்ரைக்கு முடிஞ்ச அன்னிக்கு, ஏலக்கா வாட்டுற ஸ்டோருக்குள்ள என் தம்பி படுத்திருக்கான்னு தெரிஞ்சே, வெளிய இருந்து அடுப்பப் பத்த வச்சுக் கொன்னவன் வெள்ளைத்துரை கங்காணின்னு சங்கத்து நோட்டீசுல நீங்கதான எழுதுனீக. அந்தாளு ஜெயில்ல இருக்கான். அவன் பொண்டாட்டி சுருளியம்மா மூணு வீடு தள்ளி இருக்கா. போன வெள்ளிக்கெழமையும் அவ வாசல்ல மண்ண வாரித் தூத்திட்டு வந்தேன். "அவரு வைக்கல ஆத்தா"ன்னு மட்டும் சொன்னா. ஒவ்வொரு தடவையும் அதே சொல்லு.

உங்க,
அன்னக்கொடி


குரங்கணி
10.7.1979

அன்புள்ள அன்னக்கொடிக்கு,

மடைக் கதையை வகுப்பில் சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள், பாடமும் விளங்கியது. உன் கேள்வியைப் பாடத்தின் அடியிலேயே எழுதி வைத்துவிட்டேன்.

அடுத்த மூன்று பாடங்கள் இத்துடன். சோசலிசம்: நிலமும் ஆலையும் சிலர் கையில் மட்டும் இருந்தால் மற்றவர்களின் சுதந்திரம் வெறும் பேச்சு, ஆகவே சமத்துவம் முதலில். கம்யூனிசம்: அதையும் தாண்டி, உழைப்பவர் வர்க்கம் ஆட்சியைப் பிடித்து, சொத்து பொதுவாகி, கடைசியில் வர்க்கமே இல்லாமல் போக வேண்டும் என்பது. அராஜகவாதம்: எந்த அரசும் அதிகாரமும் இல்லாமலே மனிதர்கள் ஒருவருக்கொருவர் உதவி வாழ முடியும் என்பது. அதைக் குழப்பம் என்று நினைப்பது தவறு.

சுருளியம்மாளை ஒன்றும் சொல்லாதே. அவள் என்ன செய்தாள், பாவம்.

வகுப்புக்குப் பதினோரு பேர் வருகிறார்கள். பாடம் நடத்தும்போது எண்ணினால் பன்னிரண்டு வருகிறது. கடைசி வரிசையில் ஈரத் துண்டைப் போர்த்திக்கொண்டு ஒருவன். நிமிர்ந்து பார்த்தால் பதினோரு பேர்தான்.

ஆறாவது பாடம் பாசிசம். எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அன்புடன்,
மொக்கச்சாமி


சிலமலை
25.7.1979

மாமாவுக்கு,

அராஜகவாதந்தான் எனக்கு ரொம்ப லேசா விளங்குச்சு. அதிகாரம் பண்ண ஆளில்லாம ஒரு வீடு பத்து மாசமா நடக்குது, வந்து பாருங்க. பசு கூட ஒழுங்காப் பால் குடுக்குது.

சோசலிசத்துக்கு எங்க தெரு முறைத்தண்ணிய எழுதுங்க. வாய்க்கால்ல யாருக்கு எந்தப் பொழுதுன்னு வகுத்து வச்சிருக்கோம். பெரிய நெலக்காரன் திருட்டுத்தனமா மடையத் தெறந்தா நாலு பேரு மம்பட்டியோட போயி நிப்போம். கம்யூனிசத்துல மட்டும் ஒரு சந்தேகம். சொத்து பொதுவாகுற வரைக்கும் சாவி ஒருத்தன் கையில இருக்கணும்ல? அவன் திருப்பித் தருவான்னு யாரு சாட்சி?

ஆறாம் பாடம் எங்க? அத மட்டும் ஏன் இழுக்குறீக? சுருளியம்மாவுக்கு ஏன் பரிஞ்சு பேசுறீகன்னும் விளங்கல. செத்தது உங்க மச்சினன். "மாமா, மாமா"ன்னு உங்க பின்னாலயே மலை ஏறுன பய. அவனுக்காக ஒரு மண்ணுகூட நான் தூத்தக்கூடாதா?

அன்னக்கொடி


குரங்கணி
19.8.1979

அன்னக்கொடிக்கு,

ஆறாம் பாடத்தை நான்கு முறை எழுதிக் கிழித்தேன். ஐந்தாவது முறை எழுதியது இது:

பாசிசம் என்பது ஒரே தலைமை, ஒரே குரல். கூட்டம்தான் பெரிது, தனி ஆள் ஒன்றுமில்லை. கேள்வி கேட்பவன் துரோகி. அதற்கு எப்போதும் ஓர் எதிரி வேண்டும். ஒருவனைப் பிடித்து எல்லாப் பழியையும் அவன் தலையில் கட்டும். உண்மை தெரிந்தவனும் கூட்டத்தின் நன்மைக்கு என்று சொல்லி வாயை மூடிக்கொள்வான்.

இதுக்கு மேல கை ஓடல, அன்னக்கொடி. அன்னிக்கு அடுப்பப் பத்த வச்சது நாந்தான்.

போடியில பேச்சு முடிஞ்சு நாம கேட்ட கூலிய மொதலாளி ஒத்துக்கிட்டாரு. சந்தோசத்துல மலை ஏறி ஓடியாந்தேன். ஸ்டோருல பச்சை ஏலக்கா தட்டுல பரப்புன மேனிக்கே கெடந்துச்சு. பொழுது சாயுறதுக்குள்ள வாட்டலேன்னா வெடிச்சு வெளுத்துப்போகும், அதச் சாக்கா வச்சு மொதலாளி பேச்சு மாத்திருவாருன்னு பயம். அடுப்ப கங்காணி தவிர யாரும் தொடக்கூடாது, அது அங்க வழக்கம். இனிமே இதெல்லாம் நம்மளுதுங்கிற மெதப்புல நானே பத்த வச்சேன். அடுப்பு வெளிய, தட்டு உள்ள. சூடு போகக்கூடாதுன்னு கதவுக்குக் கொண்டி போட்டேன். உள்ள பாக்கல. நான் காவலுக்கு நிறுத்துன மாப்ள கருப்பன், மழைக்கு ஒதுங்கி, காய்ச்சலோட மேல்தட்டுல தூங்கிட்டான். பொகக் குழாயில விரிசல், உள்ள பூரா பொக. விடிஞ்சுதான் கதவத் தெறந்தாக.

யாரும் என்னைய ஒரு வார்த்த கேக்கல. அடுப்புன்னா கங்காணிதானன்னு அவரப் பிடிச்சாக. சங்கத் தலைவரே பத்த வச்சாருன்னு தெரிஞ்சா சங்கம் அழிஞ்சுபோகும்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். நோட்டீசையும் நானே எழுதுனேன்.

மொக்கச்சாமி


சிலமலை
24.8.1979

மாமாவுக்கு,

கடுதாசிய மூணு தடவ வாசிச்சேன். எழுத்துக் கூட்டி வாசிக்கிறவளுக்கு மூணு தடவன்னா ஒரு பகல். எழுத்தே படிக்காம இருந்திருக்கலாம்.

சுருளியம்மா வீட்டுக்குப் போனேன். என்னையக் கண்டதும் வாசல்ல வெளையாண்ட பிள்ளைய உள்ள தூக்கிட்டா. "இன்னிக்கும் மண்ணா?"ன்னா. "இல்ல மதினி, கடுதாசி"ன்னேன். அவள மதினின்னு கூப்பிட்டு ஒரு வருசம் ஆகப்போகுது.

வாசிச்சேன். "திரும்ப வாசி"ன்னா. திரும்ப வாசிச்சேன். காய்ச்சலோட தூங்கிட்டான்ங்கிற எடம் வந்ததும் அழுதா. அவ புருசனுக்காக இல்ல மாமா. "காய்ச்சலோடயா போட்டு வேலை வாங்குனாக, பச்ச மண்ண"ன்னு என் தம்பிக்காக அழுதா.

நேத்துப் பூரா இருமல் நிக்கவே இல்ல. உங்களத்தான் கூப்பிடுறான்னு இப்பத் தெரியுது.

செப்டம்பர் நாலாந்தேதி கேசு. நீங்களா வந்து சொன்னா, உங்க பக்கத்துல நான் நிப்பேன். வரலேன்னா, இந்தக் கடுதாசியோட மதினி பக்கத்துல நிப்பேன்.

அன்னக்கொடி


சிலமலை
3.12.1979

மாமாவுக்கு,

வந்தீக. கோர்ட்டுல சங்கத்து ஆளுக மொறைக்க மொறைக்க, "நாந்தான்"னு சொன்னீக. அது சாமான்யத் தைரியம் இல்ல. பக்கத்துல நிப்பேன்னு எழுதியிருந்தேன். நிக்கல.

தீய நான் மன்னிச்சுட்டேன். அது தெரியாம நடந்தது. கருப்பனே உங்கள ஒண்ணும் சொல்லமாட்டான். ஆனா நான் மதினி வாசல்ல மண்ண வாரித் தூத்துனத உங்களுக்கு எழுதுனேன். அத வாசிச்சுட்டு, "அவள் என்ன செய்தாள், பாவம்"ன்னு ஒரு வரி எழுதி, கூடவே மூணு பாடத்த மடிச்சு அனுப்புனீக. என் கையால ஒரு பாவம் நடக்குறதப் பாத்துக்கிட்டே சமத்துவம் எழுதுனீக. அது தெரிஞ்சு நடந்தது. நீங்க அனுப்புன அஞ்சு பாடத்துலயும் தேடுனேன், அதுக்கு ஒரு பேரு இல்ல. ஆறாவதுல இருந்துச்சு, அதுவும் பாதியில நின்னுபோச்சு.

உங்க புத்தகத்த அஞ்சு பாடத்தோட அச்சடிச்சுட்டாகளாம். மடைக் கதை இருக்காம். உங்க பேரு இல்லையாம்.

ஜெயில்ல இருந்து ரெண்டு வருசத்துல வந்துருவீகன்னு வக்கீலு சொல்றாரு. வெளிய வந்தா இந்த வீட்டுக்கு வர வேணாம். அங்க வந்து பாக்கவும் நான் வரல. உடம்பப் பாத்துக்குங்க.

வெள்ளைத்துரை கங்காணி வந்துட்டாரு. ஆளு பாதியாப் போயிட்டாரு, தாடி பூரா நரை. முந்தாநாத்து தெருவுல எதிர்ல வந்தாரு. காறித் துப்புவாருன்னு தலையக் குனிஞ்சு நின்னேன். தோள்த்துண்ட எடுத்துக் கையில வச்சுக்கிட்டு, "தம்பி போனதுக்குத் துக்கம் கேக்க வரமுடியாமப் போச்சு தாயி, உள்ள இருந்துட்டேன்"ன்னாரு.

அன்னக்கொடி