செவ்வாய்க்கிழமை இறக்கிய காற்று

சார்,

இன்று காலை சேலையூர் டயர் கடையில் இரண்டு மணி நேரம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். புது ரப்பர் வாசனை, போன தடவை நாம் சேர்ந்து அங்கே வந்ததை ஞாபகப்படுத்தித் தொலைத்தது. நீங்கள் போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது, உங்கள் மேல் இருந்த எரிச்சல் தீர்ந்திருக்கும் என்று நினைத்தேன். தீரவில்லை.

எதிரெதிர் வீட்டுக்காரர்கள் சேர்ந்து ஒரு பழைய கார் வாங்கியதைப் பார்த்து நம் அபார்ட்மெண்டே சிரித்தது. இரண்டு பென்ஷன்காரர்களுக்கு எதற்கு இரண்டு கார் என்று ஆரம்பித்தது நீங்கள்தான். செவ்வாய், வியாழன், சனி உங்களுக்கு, மற்ற நாட்கள் எனக்கு. அரிசி மூட்டை, தேங்காய், பேரனின் சைக்கிள் என்று டிக்கி பிதுங்க ஏற்றிக்கொண்டு கேளம்பாக்கத்தில் மகள் வீட்டுக்குப் போவீர்கள். வேகத்தடை மேல் ஏறிய பிறகுதான் உங்களுக்கு பிரேக் ஞாபகம் வரும். கோவிலம்பாக்கம் பக்கம் போனால் ஒரு பள்ளத்தையும் மிச்சம் வைக்கமாட்டீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து வரும் எனக்கு உயிர் போய் உயிர் வரும். கேட்டால், "ரோடு அப்படி இருக்கு, நான் என்ன சார் பண்றது?" என்பீர்கள்.

நானோ ஞாயிறு தவறாமல் பங்க்குக்குப் போய் நாற்பத்திரண்டு காற்று வைக்கிற ஆள். காற்று கெட்டியாக இருந்தால் டயர் தேயாது என்பது என் கட்சி. ஒரு தடவை நீங்கள், "சார், கதவோரம் ஸ்டிக்கர்ல முப்பத்திமூணுன்னு போட்டிருக்கு" என்றீர்கள். "பிரஷர் பாடத்தை ஸ்கூல்ல முப்பது வருஷம் நடத்தினவன்கிட்டயா?" என்றேன். அதோடு அந்தப் பேச்சை விட்டுவிட்டீர்கள். அதுதான் சார் இப்போது பற்றிக்கொண்டு வருகிறது. இன்னொரு தடவை சொன்னால் வாயா வலித்திருக்கும்?

ஞாயிற்றுக்கிழமை பார்த்தால் காற்று குறைந்திருக்கும். எல்லாம் நீங்கள் முரட்டுத்தனமாக ஓட்டுவதால்தான் என்று முடிவு கட்டினேன். ஐந்து வருஷம் கழித்து நான்கு டயரையும் மாற்றியதும், அசோசியேஷன் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் சொன்னேன்: "இவர் ஓட்டினா டயர் எப்படிங்க தாங்கும்? புதுசையாவது விட்டு வைக்கச் சொல்லுங்க." நீங்கள் சிரித்தீர்கள். மறுநாள் உங்கள் சாவியை என் மனைவி கையில் கொடுத்துவிட்டு, பஸ்ஸில் போக ஆரம்பித்தீர்கள். எட்டு மாதத்தில் ஒரேயடியாகப் போய்ச் சேர்ந்தீர்கள்.

அந்தப் புது டயர்களை நான் ஒருவன்தான் ஓட்டினேன். அலுங்காமல், நாற்பது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாமல். இரண்டே வருஷத்தில் நான்கும் நடுவில் வழுக்கை, ஓரங்கள் மட்டும் புதுசு மாதிரியே இருந்தன. கடைக்காரர் விரலால் தடவிப் பார்த்தார்.

"காத்து எவ்ளோ சார் வெப்பீங்க?"

சொன்னேன்.

"அவ்ளோ வெச்சா டயர் நடுவுல உப்பிக்கும் சார். நடு பாகம் மட்டும்தான் ரோட்டைத் தொடும், அங்க மட்டும் தேயும்."

"இதே காத்துதான் வெச்சேன். போன செட்டு அஞ்சு வருஷம் வந்துதே?"

"அப்போ யாரோ கரெக்டா கொறைச்சு வெச்சிருக்காங்க சார்."

வீட்டுக்கு வந்து வாட்ச்மேனைக் கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "இன்னா சார், உங்களுக்குத் தெரியாதா? செவ்வாக்கெழமை காலைல அந்த சார் குந்திகினு நாலு டயர்லயும் காத்து எறக்குவாரு. கைல அளவு பாக்கற கருவி ஒண்ணு வெச்சிருப்பாரு. உங்க கைல சொல்லாதன்னாரு. சொன்னா சண்டைக்கு வருவீங்களாம்."

முட்டி வலி என்று மாடி ஏறவே யோசிக்கிற மனிதர். வாராவாரம் நான்கு சக்கரத்துக்கும் குந்தி எழுந்திருக்கிறீர்கள். நானோ அந்தக் காற்று குறைந்ததையே சாட்சியாக வைத்து உங்களை நாலு பேர் முன்னால் நிறுத்தினேன். அந்தக் கூட்டத்திலாவது "யோவ், தப்பு உன்னுது" என்று கத்தியிருக்கக் கூடாதா? என் கோபத்துக்குப் பயந்து யாராவது இப்படி நல்லவராக இருப்பார்களா? இப்போது நான் யாரிடம் போய் மன்னிப்புக் கேட்பது?

காற்றை முப்பத்திமூன்றுக்குக் கொண்டுவந்துவிட்டேன். அது சுலபம். முடியாதது ஒன்று இருக்கிறது. சாவியைக் கொடுத்த அடுத்த மாதம் தாம்பரம் பஸ் ஸ்டாப்பில் நீங்கள் நின்றதைப் பார்த்தேன். நல்ல மழை. ஒரு கையில் குடை, மறு கையில் பேரனுக்கு ஏதோ வாங்கிய பை. என்னைப் பார்த்ததும் குடையோடு கையைத் தூக்கிச் சிரித்தீர்கள். நான் வேகத்தைக் குறைத்தேன். ஆனால் நிறுத்தவில்லை. நீங்களாகக் கேட்கட்டும் என்று ஒரு வீம்பு. அந்த வழியாகப் போகும்போதெல்லாம் கால் தானாக பிரேக்குக்குப் போகிறது. பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடித்துத் திட்டுகிறார்கள்.

அன்று வண்டியில் நான் மட்டும்தான் இருந்தேன், சார். மீதி இடமெல்லாம் காலி.