ஊர் மறக்காத ஆட்டம்

அன்புள்ள மகன் ஜெயபிரகாஷுக்கு உன் அம்மா எழுதுவது. நீயும் உன்னோடு போர் போடுகிற ரிக் வண்டியில் இருக்கிற பிள்ளைகளும் அந்தத் தூர தேசத்தில் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று மாரியம்மனைக் கும்பிட்டுவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன். எனக்கு முட்டிவலி அதன்பாட்டுக்கு இருக்கிறது, வேறு ஒன்றுமில்லை. ரஞ்சிதாவும் மாப்பிள்ளையும் குழந்தையும் ஆட்டையாம்பட்டியில் சௌக்கியம், உனக்குக் கொடுத்துவிட முறுக்கு வாங்கி வந்து வைத்திருக்கிறாள். அப்பா வேளாவேளைக்குச் சாப்பிடுகிறார், தூங்குகிறார். அவர் சங்கதியைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போன் இருக்கிற காலத்தில் இவள் ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று சிரிக்காதே. நீ கூப்பிடும்போதெல்லாம் அவர் என் தோளை ஒட்டி உட்கார்ந்துகொண்டு ஸ்பீக்கரில் போடச் சொல்கிறார், அவரை வைத்துக்கொண்டு அவரைப் பற்றி என்ன பேசுவது? சமையல்கட்டுக்குப் போனால் பின்னாலேயே வந்துவிடுகிறார். நம் ஊர் டீமில் ஆடுகிற மயில்சாமி உங்கள் கம்பெனி வண்டிக்கே வேலைக்கு வருகிறான் அல்லவா, அவன் கையில் கொடுத்துவிடுகிறேன். சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன் சாமி. காண்ட்ராக்ட் முடிந்து தை மாதம் வருகிறேன் என்றாய். தை வரை இருக்காதே. வைகாசிக்குள் லீவு கேட்டு ஒரு மாதமாவது வந்து அப்பாவோடு இருந்துவிட்டுப் போ. அவருடைய ஞாபகம் கழன்றுகொண்டே வருகிறது.

வயசானால் மறதி வரத்தானே செய்யும் என்று நீயும் போனில் சொன்னாய், நானும் அப்படித்தான் நினைத்தேன். அவருக்கு என்ன வயசாகிவிட்டது? அவரோடு பட்டறைக்குப் போனவர்கள் எல்லாம் இன்னும் லாரிக்கு பாடி கட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள். இவர் மட்டும் ஒரு வண்டிக்கு அடித்த பலகையையே பிரித்துத் திரும்ப அடித்திருக்கிறார், யார் பிரித்தது என்று பக்கத்து ஆளோடு சண்டைக்கும் போயிருக்கிறார். முதலாளி நல்ல மனுஷன், கொஞ்ச நாள் ஓய்வெடுங்க செங்கோடா என்று சொல்லித் தன் வண்டியிலேயே கொண்டுவந்து விட்டார். சேலத்துக்குக் கூட்டிப்போய் தலையை ஸ்கேன் எடுத்தோம். டாக்டர் என்ன வேலை, குடிப்பாரா, சர்க்கரை உண்டா என்று எல்லாம் கேட்டார். நான்தான் அவருடைய கால்பந்தாட்டக் கதையைச் சொன்னேன். கல்யாணமான புதிதில் புளியமரத்துக் கிளையில் பந்தைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டு, விடிந்ததும் அதைத் தலையால் அடித்து அடித்துப் பழகுவார் என்றும், மழையில் ஊறிப்போன பந்து கல் மாதிரி இருக்கும் என்றும், நோம்பித் திருவிழா மேட்சுகளில் அடிபட்டு விழுந்தாலும் எழுந்து ஆடியவர் என்றும் சொன்னேன். பந்தால்தான் இப்படி ஆனது என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாதும்மா, இல்லை என்றும் சொல்ல முடியாது என்றார் டாக்டர். அந்த ஒரு வார்த்தையை வீட்டுக்கு எடுத்துவந்து நான் படுகிற பாடு எனக்குத்தான் தெரியும். யார் மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை. பந்து மேலா கோபப்பட முடியும்?

இதை நான் வேறு யாரிடமும் சொல்லவில்லை, பள்ளிக்கூடத்து டிரில் மாஸ்டர் வளவன் ஒருத்தரிடம் மட்டும் சொன்னேன். அவர்தான் இப்போது நம் ஊர் டீமுக்குப் பழக்கிவிடுகிறவர். அவர் ஏற்கனவே வெளிதேசத்து ஆட்டங்களை எல்லாம் பார்த்து, அங்கே சின்னப் பிள்ளைகளைத் தலையால் அடிக்கவே விடுவதில்லை, தலையில் அடிபட்டவனைத் திரும்ப உள்ளே விடுவதில்லை என்று நோம்பிக் கமிட்டியில் பேசிக்கொண்டிருந்தாராம், யாரும் காது கொடுக்கவில்லை. நான் சொன்னதைக் கேட்டபிறகு பிடிவாதமாக நின்றுவிட்டார். அப்பா பெயரை எடுக்கவே கூடாது என்று நான் சத்தியம் வாங்கியிருந்தேன், அதனால் பெயரைச் சொல்லாமலே போராடியிருக்கிறார். கமிட்டித் தலைவர் காளியண்ணனுக்கு மனசே இல்லை. அவருடைய கோழிப்பண்ணையில் முட்டை பிரிக்கிற வேலைக்குத்தானே நான் போகிறேன், அங்கேயே என் காது படப் புலம்பினார். கடைசியில் இந்த வருஷ மாரியம்மன் நோம்பி மேட்சில் இரண்டு சட்டம் போட்டார்கள். பொடிப்பிள்ளைகள் ஆட்டத்தில் தலையால் அடித்தால் ஃபவுல். பெரியவர்கள் ஆட்டத்தில் தலையில் அடிபட்டவன் அன்றைக்குத் திரும்ப ஆடக்கூடாது, அவனுக்குப் பதிலாக இன்னொருவனை விட்டுக்கொள்ளலாம், மைதானத்தில் நிற்கிற நர்சம்மா சொல்வதுதான் முடிவு. மைக்கில் இதை அறிவித்ததும் கூட்டம் போட்ட கூச்சலைக் கேட்டிருக்க வேண்டும். தலையால் அடிக்காத பந்தாட்டம் உப்பில்லாத குழம்பு என்றார்கள், எல்லாரும் தலைக்கு ஒரு தலையணை கட்டிக்கொண்டு ஆடுங்கள் என்றார்கள். டீக்கடையில் ஒரு வாரமாக வேறு பேச்சில்லை. பாவம், அவர்களையும் சொல்லிக் குற்றமில்லை. வருஷம் முழுக்கத் தறியிலும் லாரியிலும் கிடந்து சாகிற ஜனம், தொண்டை கிழியக் கத்துவதற்கு இந்த ஒரு நோம்பிதான் இருக்கிறது. பந்து மேலே எழும்பும்போது மைதானமே எழும்புமே, அந்தச் சந்தோஷத்தில் கை வைத்தால் கோபம் வரத்தான் செய்யும்.

ஃபைனலில் நமக்கும் வாழப்பாடி டீமுக்கும் ஆட்டம். அப்பாவைப் புதுச் சட்டை போட்டுக் கூட்டிப்போனேன். பழைய ஆட்டக்காரர் என்று வழக்கம்போல முன்வரிசையில் நாற்காலி போட்டுக் கொடுத்தார்கள். நன்றாகத்தான் இருந்தார், பந்து எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் காலை ஆட்டிக்கொண்டே இருந்தார். ஆளுக்கு ஒரு கோல் என்று நின்றபோது மயில்சாமியும் அவர்கள் டிபெண்டரும் ஒரே பந்துக்கு எகிறினார்கள். மண்டையும் மண்டையும் மோதிய சத்தம் எனக்குக் கேட்டது. இரண்டு பேரும் விழுந்தார்கள். அந்தப் பையன் உடனே எழுந்து உட்கார்ந்துவிட்டான், நம்முடையவன் கொஞ்ச நேரம் அசையவே இல்லை. பிறகு எழுந்து ஒன்றுமில்லை ஒன்றுமில்லை என்று கையை ஆட்டினான், ஆனால் அவன் நடந்தது வாழப்பாடிக்காரர்களின் கோல் பக்கம் இல்லை, நம் கோல் பக்கம். நர்சம்மா இரண்டு பேரும் வெளியே என்று கை காட்டிவிட்டார். வாழப்பாடி டீம் உடனே ஆளை மாற்றிக்கொண்டது. நம் ஜனம் விடுமா? மயில்சாமியின் அம்மா கந்தம்மாளே கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து, என் மகனை வெளியே நிறுத்த நீ யார் என்று வளவன் சட்டையைப் பிடித்தாள். உனக்கே தெரியும், நம் மைதானத்தில் அடிபட்டவன் எழுந்துவிட்டால் பார்க்கிறவர்கள் தோளில் கிடக்கிற துண்டை எடுத்து உள்ளே வீசுவது வழக்கம். அதில் ஒன்றை நனைத்துத் தலையில் கட்டிக்கொண்டு அவன் ஆட வேண்டும். அதற்குப் பெயரே செங்கோடன் கட்டு. நீ என் வயிற்றில் இருந்த வருஷம் உன் அப்பா மண்டை உடைந்து, துண்டைக் கட்டிக்கொண்டு ஆடி, ரத்தத்தோடு தலையால் கோல் போட்டாரே, அன்றையிலிருந்து வந்த வழக்கம். இந்த ஃபைனலிலும் துண்டுகள் மழையாக விழுந்தன. தண்ணி தெளிச்சுத் துண்டக் கட்டி உள்ள உடுங்கய்யா என்று ஒரே சத்தம். ஆட்டம் நின்றுபோயிற்று.

அப்போது யாரோ ஒருத்தன் செங்கோடண்ணனைக் கேளுங்கள் என்றான். அவ்வளவுதான், எல்லாரும் அதையே பிடித்துக்கொண்டார்கள். இந்தச் சட்டம் அன்றைக்கு இருந்திருந்தால் நமக்கு அந்தக் கோப்பை கிடைத்திருக்குமா, அவரே சொல்லட்டும் என்றார்கள். காளியண்ணனும் தப்பித்தோம் என்று மைக்கைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்துவிட்டார். நான் வேண்டாங்க வேண்டாங்க என்று கையைப் பிடித்தேன், அந்த இரைச்சலில் யார் கேட்கிறார்கள்? அண்ணா, துண்டக் கட்டிக்கிட்டு ஆடுனீங்களே, அந்த மேட்ச்சப் பத்திச் சொல்லுங்க என்று காளியண்ணன் எடுத்துக் கொடுத்தார். கூட்டம் கை தட்டி ஓய்ந்தது. அப்பா எழுந்து நின்றார். மைக்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு மரியாதையாகத்தான் கேட்டார்.

"நானுங்களா? துண்டக் கட்டிக்கிட்டு ஆடுனேனுங்களா? எப்பங்க அது? எனக்கு நெனப்பு வல்லீங்களே."

முதலில் சிலபேர் சிரித்தார்கள், அண்ணன் கிண்டல் பண்ணுகிறார் என்று நினைத்து. அவர் சிரிக்கவில்லை. நெற்றித் தழும்பைத் தடவிக்கொண்டு, யாராவது சொல்வார்களா என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். அந்த மேட்ச் ஊரில் பிறந்த குழந்தைக்குக்கூடத் தெரியும் சாமி, பார்க்காதவன்கூடப் பார்த்த மாதிரி சொல்லுவான். அவருக்கு மட்டும் தெரியவில்லை. மைக்கைக் காளியண்ணன் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு அவர் மைதானத்துக்குள் இறங்கினார். ஆடப்போகிறாரோ என்று நான் அவர் பின்னாலேயே இறங்கினேன். அவர் கீழே கிடந்த துண்டு ஒன்றை எடுத்தார், உதறினார், நான்காக மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு அடுத்ததற்குக் குனிந்தார். இது ஆரு துண்டுங்க, மண்ணாப் போவுது பாருங்க, எடுத்துக்குங்க என்று நீட்டினார். பிறகு ஒவ்வொருவராக இறங்கிவந்து, அவர் முகத்தைப் பார்க்காமல் தங்கள் துண்டை வாங்கிக்கொண்டு போனார்கள். கந்தம்மாள் வளவன் சட்டையை விட்டுவிட்டு, மகனைக் கூட்டிப்போய் நிழலில் உட்கார வைத்து, அவன் மண்டையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆட்டம் மறுபடி தொடங்கியது, நாம் தோற்றோம். தோற்றதற்கு யாரும் யாரையும் திட்டவில்லை, நோம்பி மைதானம் அப்படி அமைதியாகக் கலைந்ததை நான் பார்த்ததே இல்லை.

அதற்கப்புறம் சட்டத்தைப் பற்றி யாரும் முணுமுணுப்பதில்லை. வளவனுக்கு வெற்றிதான், ஆனால் அவர் முகத்திலும் ஒரு சந்தோஷமும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கு இப்போதும் அப்பாவைக் கூட்டிப்போகிறேன், போகாவிட்டால் காலையிலிருந்து வாசலுக்கும் உள்ளுக்கும் நடக்கிறார். முன்பு பந்து உயரே போனால் எல்லார் தலையும் பந்தோடு போகும். இப்போது பாதிப்பேர் பந்தைப் பார்ப்பதில்லை, திரும்பி உன் அப்பாவைப் பார்க்கிறார்கள். ஒருத்தன் எகிறி அடித்தால் கை தட்ட ஆரம்பித்துப் பாதியில் நிறுத்துகிறார்கள். எனக்கு அது அவமானமாக இருக்கிறது, அவரை ஒரு எச்சரிக்கைப் பலகை மாதிரி உட்கார வைத்துவிட்டோமே என்று இருக்கிறது. அவருக்கோ ஒன்றும் தெரியாது. பந்து மேலே போகும்போது இன்றைக்கும் அவர் கழுத்து தானாக முன்னால் வருகிறது. பிள்ளைகள் குனிந்து விலகினால், ஏன் விலகுகிறார்கள் என்று என்னைத்தான் கேட்கிறார். சட்டம் அப்படிங்க என்கிறேன். நல்ல சட்டமா என்கிறார். நல்ல சட்டம்தாங்க என்று சொல்லும்போது கொஞ்சம் முன்னாடியே வந்திருக்கக் கூடாதா என்று இருக்கிறது.

நீயும் அங்கே சாயங்காலம் பந்து ஆடுகிறாய், வீடியோ அனுப்பினாய், பார்த்தேன். ஆட வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை, அப்பன் ரத்தம் அப்படி. காலால் ஆடு, ஓடு, தலையைக் கொடுக்காதே. வேலை நேரத்தில் ஹெல்மெட்டைக் கழற்றாதே, வெயிலுக்குக் கசகச என்று இருந்தாலும் கழற்றாதே. மயில்சாமி அந்தத் தேசத்துக்குப் புதுசு, ஒரு மாதம் கனமான பைப் தூக்கவிடாமல் பார்த்துக்கொள், டாக்டர் சரி என்று சொல்லித்தான் அனுப்புகிறார்கள், இருந்தாலும் கந்தம்மாளுக்குத் தூக்கமில்லை. அப்பாவின் மருந்துக்கு ஒன்றும் குறையில்லை, அதை நினைத்து அங்கேயே உட்கார்ந்துவிடாதே.

இன்னொன்றும் எழுத வேண்டும், எழுதாமல் விட்டுவிடலாமா என்று இவ்வளவு தூரம் தள்ளிக்கொண்டே வந்தேன். போன வாரம் நீ அரைமணி நேரம் அவரோடு பேசினாயே, அவரும் சிரித்துச் சிரித்துப் பேசினாரே, அப்பா தேறிவிட்டார் என்று நீ சந்தோஷப்பட்டாயே. போனை வைத்தபிறகு என்னைக் கேட்டார், ஏம்புள்ள, நல்லாப் பேசறானே, ஆரு ஊட்டுப் பையன் அவன் என்று. நம்ம ஊட்டுப் பையன்தானுங்க என்றேன். அப்படியா என்று அவருக்கு அவ்வளவு சந்தோஷம். நேரில் பார்த்தால் தெரிந்துகொள்வார் என்றுதான் நம்புகிறேன். சில நாள் காலையில் உன் சின்ன வயசுச் சேட்டையெல்லாம் அவராகவே சொல்லுகிறார், அப்படி ஒரு காலையில் நீ இங்கே இருக்க வேண்டும், அதற்காகத்தான் சீக்கிரம் வா என்கிறேன்.

அந்த மாரியம்மனும் மலைமேல் இருக்கிற அர்த்தநாரீசுவரரும் உனக்குத் துணை இருக்கட்டும், உன் கைகால் சுகத்தோடு நீ நீடூழி வாழ வேண்டும். வரும் நாளை முன்கூட்டியே சொல், நான் அவருக்குச் சவரம் பண்ணிவிட்டு வைத்திருப்பேன். ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள் சாமி. வந்து இறங்கியதும், அப்பா கூப்பிடுவார் என்று வாசலில் நிற்காதே. நீயே உன் பெயரைச் சொல்லிக்கொண்டு உள்ளே வா.

இப்படிக்கு,
உன் வரவைப் பார்த்திருக்கும் அம்மா,
செ. சாலம்மாள்