உன் வீட்டுக்குக் கிடைத்த பச்சை

இன்று காலை கதவைத் திறந்ததும் சுண்ணாம்பு வாடை மூக்கில் ஏறியது. நீ இருந்தவரை ஒவ்வொரு வருடமும் பொங்கலுக்கு முன்னால் வருகிற வாடை. மூன்றாவது மாடி நடையில், உன் கதவுக்கும் என் கதவுக்கும் நடுவில், உன் மகள் குத்தவைத்து உட்கார்ந்து உன் பழைய வாளியில் சுண்ணாம்பு கலக்கிக்கொண்டிருந்தாள். துப்பட்டாவை நீ முந்தானை செருகுகிற மாதிரியே இடுப்பில் செருகியிருந்தாள்.

"உங்க வூட்ல இந்த வருசம் பொங்கலே இல்லியேடி. அம்மா போய் வருசம் திரும்பல. எதுக்கு சுண்ணாம்பு?" என்று கேட்டேன்.

"பொங்கலுக்கு இல்ல அத்த. நாளைக்கு திரும்பவும் படம் புடிக்க வராங்கள்ல? வூடு அசிங்கமா இருந்தா இன்னா நெனப்பாங்க?"

அடிப்பாவி என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். அவள் தன்னைத்தான் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டாள். நான் சொன்னது உன்னை.

உனக்குத்தான் சுத்தம் என்றால் பைத்தியமாயிற்றே. சேலையூர் பக்கம் காலனி வீடுகளில் நாள் முழுக்கப் பெருக்கித் துடைத்துவிட்டு, பஸ்ஸில் நசுங்கி வந்து, மூச்சு வாங்க மூன்று மாடி ஏறி, உடனே உன் வீட்டைத் துடைக்க ஆரம்பிப்பாய். தரையில் முகம் பார்க்கலாம். நானோ ஹாஸ்டல் அடுப்படியில் வெந்து வருகிறவள். வந்தால் காலை நீட்டிப் படுப்பேன். ஒண்டிக்கட்டைக்கு எதற்கு வெள்ளையடிப்பு என்று விட்டதில் என் வீட்டுச் சுவரில் மழைத்தண்ணி இறங்கிய தடமும் அடுப்புக் கரியும் சேர்ந்து படம் போட்டிருக்கும். நீ வாசலில் நின்று சொல்வாய், "உன் வூட்டுக்கு வந்தா கைய கழுவிக்கினுதான்டி எங்க வூட்டுக்குள்ள போவணும்." எனக்கு ஜுரம் வந்து கிடந்தபோது கஞ்சி கொண்டுவந்தாய். அதைக் கையில் கொடுப்பதற்கு முன்னால் என் வீட்டைப் பெருக்கினாய். பசியில் நான் உன்னைத் திட்டினேன், தூசியில் இருமிக்கொண்டே நீ என்னைத் திட்டினாய். அந்தக் கஞ்சி ஆறிப்போய்த்தான் என் வாய்க்கு வந்தது.

அரசாங்கம் கட்டிக்கொடுத்த ப்ளாக் இது. கட்டி முடித்ததிலிருந்தே மொட்டைமாடித் தண்ணீர் நம் இரண்டு வீட்டு மேல்தளத்திலும்தான் ஊறுகிறது. முன்பெல்லாம் புகார் கொடுத்தால், எப்போதாவது ஒரு நாள், ஆபீஸ் கொத்தனார் ஒரு கம்போடு வருவார். தளத்தைத் தட்டிக்கொண்டே போவார். பொத்தென்று சத்தம் கேட்கிற இடத்தில் சாக்பீஸால் வட்டம் போடுவார். அப்புறம் பராமரிப்பு மொத்தத்தையும் டெண்டர் விட்டு ஒரு கம்பெனியிடம் கொடுத்தார்கள். அந்த டெண்டரில் கம்போடு வந்து தட்டிப் பார்க்கிற ஆளுக்கு இடமில்லை. போனோடு ஒரு சூப்பர்வைசர் வந்தார். நம்மையெல்லாம் கீழே கூட்டிவைத்துப் பேசினார்.

"இனிமே ஆள் பாத்து சொல்ற வேலையே இல்லம்மா. படம் எடுத்தா போதும், ஏ.ஐ. பாத்து சொல்லிடும். சிவப்பு வந்தா உடனே கொத்தனார் வருவார். மஞ்சள் வந்தா அடுத்த வருஷம். பச்சை வந்தா உங்க வீடு சூப்பர்னு அர்த்தம்."

நீ அவர் சொன்னதில் கடைசி வார்த்தையை மட்டும் காதில் வாங்கிக்கொண்டாய்.

பொங்கல் முடிந்து சுவரெல்லாம் பளிச்சென்று இருந்த சமயம் அது. அது போதாதென்று நீ ஹார்டுவேர் கடைக்குப் போய் பட்டி வாங்கி வந்தாய். ஃபேன் கொக்கியிலிருந்து சுவர் வரைக்கும் ஓடிய விரிசலை, முக்காலி மேல் ஏறி நின்று, அப்பம் மாதிரி அப்பி மூடினாய். நான் கீழே முக்காலியைப் பிடித்துக்கொண்டு கத்தினேன்.

"ஏன்டி, அத காட்டத்தானே வராங்க? அதப் போயி மூடற?"

"வர்றவன் போறவன்கிட்டலாம் கிழிஞ்ச பாவாடய காட்டிகினு நிப்பியா? நான் நிக்க மாட்டேன்."

அதன்மேல் இன்னொரு கை சுண்ணாம்பும் அடித்தாய். பாத்திரங்களை அளவுவாரியாகக் கவிழ்த்தாய். வாசலில் கோலம் வேறு.

மறுநாள் என் வீட்டுக்குள் அந்த சூப்பர்வைசர் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டுதான் நுழைந்தார். போனை மேலே தூக்கியதுமே சிவப்பு. உன் வீட்டில் பச்சை. இந்த மாடியிலேயே உனக்கு மட்டும்தான் பச்சை. நீ என்ன செய்தாய், ஞாபகம் இருக்கிறதா? கேசரி கிண்டினாய். உன் மகள் பன்னிரண்டாவது பாஸானபோதுகூட நீ கேசரி கிண்டவில்லை. எனக்கு ஒரு கரண்டி அதிகமாக வைத்து, "சிவப்பு அக்கா, சாப்புடுங்கோ" என்று சொல்லிச் சிரித்தாய். முந்திரி பொறுக்கிப் பொறுக்கித் தின்றேன். எனக்கு ரோஷமே வரவில்லை. ரோஷமெல்லாம் உன்னிடம்தானே இருந்தது.

கம்பெனி கொத்தனார் என் வீட்டுக்கு வந்தார். ஊறிப்போன பூச்சை எல்லாம் கொத்தி எடுத்து, துருப்பிடித்த கம்பிக்கு மருந்தடித்து, புதிதாகப் பூசினார். நான் அவரிடம் எதிர்வீட்டையும் ஒரு எட்டு பாருங்கண்ணா என்றேன். அவர் உன் வாசல் வரை வந்து போனைப் பார்த்தார். "அந்த வூடு பச்சம்மா. பச்ச வூட்ல கை வெச்சா பில்லு பாஸ் ஆவாது, என் கூலிலதான் புடிப்பாங்க," என்றார். நீ அவருக்குத் தண்ணீர் கொடுத்து, "எங்க வூட்டுக்கு ஒண்ணும் வேணாம்ணா, நல்லாத்தான் கீது," என்று பெருமையாக அனுப்பிவைத்தாய். தளம் அப்போதும் தண்ணீர் குடித்துக்கொண்டுதான் இருந்தது. உன் பட்டியும் சுண்ணாம்பும் ஈரத்தை வெளியே தெரியாமல் பார்த்துக்கொண்டன.

ஐப்பசி மழை விட்ட ஒரு சாயங்காலம். நான் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன். நீ வேலை முடிந்து வந்து, வழக்கம்போலத் துடைத்துவிட்டு, ஃபேன் கீழே தரையில் படுத்திருக்கிறாய். தொப்பென்று ஒரு சத்தம். உன் கதவிடுக்கு வழியாக வெள்ளையாகத் தூசி வந்தது. எனக்கு முதலில் என்ன தோன்றியது தெரியுமா? இந்த நேரத்தில்கூட ஒட்டடை அடிக்கிறாளே சனியன் என்று தோன்றியது. இரண்டு பீன்ஸ் நறுக்கியிருப்பேன், அதற்கப்புறம்தான் எழுந்தேன்.

பெயர்ந்து விழுந்த தளத்துக்குக் கீழே உன்னை எப்படிப் பார்த்தேன் என்று எழுத மாட்டேன். மூலையில் தரை மட்டும் ஈரமாக, சுத்தமாக இருந்தது.

மறுநாள் கம்பெனிக்காரர்கள் வந்தார்கள், பெரிய சார்கூட. எல்லோரும் போனைப் பார்த்தார்கள், பிறகு தளத்தைப் பார்த்தார்கள், மறுபடி போனைப் பார்த்தார்கள். "ரெக்கார்டுல குட் கண்டிஷன்னுதான் இருக்கு," என்றார் ஒருவர். இன்னொருவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அந்தம்மா தளத்துல ஆணி கீணி அடிச்சாங்களா? ஊஞ்சல் கீஞ்சல் மாட்டினாங்களா?" என்று கேட்டார். தூக்கிவாரிப் போட்டது எனக்கு. செத்தவள்மேலேயே கேஸ் எழுதுகிறார்கள்! ஊஞ்சல் மாட்டி ஆடுகிற வீடாய்யா இது என்று நான் கத்திய கத்தலில் கீழ்வீட்டுக்காரர்கள் மேலே வந்துவிட்டார்கள். அவர் முகம் கொஞ்சம்கூட மாறவில்லை.

விழுந்த இடத்தை மட்டும் சிமென்ட் வைத்து அடைத்தார்கள். மற்ற இடத்தைத் தட்டிக்கூடப் பார்க்கவில்லை. பெயின்டர்தான் வந்தான். பச்சை வீட்டுக்கு டெண்டரில் இருப்பது பெயின்ட் மட்டும்தானாம். அறை முழுக்க வெள்ளை அடித்துவிட்டு சூப்பர்வைசர் படம் எடுத்தார். மறுபடியும் பச்சை.

அந்தப் பச்சைக்குக் கீழேதான் உன் மகள் இத்தனை நாளாகப் படுத்துத் தூங்குகிறாள். தாம்பரம் ஜவுளிக்கடையில் கால் கடுக்க நின்றுவிட்டு வந்து, நீ படுத்த அதே இடத்தில் பாய் விரிக்கிறாள். என் வீட்டில் வந்து படுடி என்று எத்தனையோ தடவை கூப்பிட்டேன். மாட்டாளாம். "உன் வூட்ல ஒரே தூசி அத்த," என்று மூக்கைச் சுருக்கினாள். வளர்த்து வைத்திருக்கிறாயே, நன்றாக.

அழுக்காக இருந்தால்தான் சிவப்பு வரும் என்கிற விஷயம் தெரிந்துபோய், இப்போது நம் ப்ளாக்கே தலைகீழாகக் கிடக்கிறது. போகிக்கு எரித்த கரியை எடுத்து வைத்திருந்து சுவரில் பூசுகிறார்கள். கீழ்வீட்டில் டீத்தூள் தண்ணியைத் தளத்தில் தெளித்து ஈரக்கறை மாதிரி வரவைக்கிறார்கள். பொங்கல் வைக்கும்போது ஜனங்கள் சுவரை அழுக்காக்குவதை நீ பார்த்திருந்தால் இன்னொரு தடவை செத்திருப்பாய். ஊர் முழுக்கக் கரி பூச, உன் மகள் ஒருத்தி மட்டும் சுண்ணாம்பு கலக்குகிறாள்.

அதனால்தான் இன்று காலை அந்த வாளியை எட்டி உதைத்தேன். ஆமாம், உன் வாளியைத்தான். சுண்ணாம்பு படியில் வழிந்து ஓடியது. நான் என் வீட்டிலிருந்து தோசைத் திருப்பியை எடுத்துக்கொண்டு உன் வீட்டுக்குள் போனேன். உன் முக்காலியில் ஏறினேன். இந்தத் தடவை அதைப் பிடித்துக்கொள்ள கீழே யாரும் இல்லை. சுரண்டினேன். பெயின்ட் வந்தது, அதற்குக் கீழே உன் சுண்ணாம்பு ஏடு ஏடாக வந்தது, உன் பட்டி கட்டியாக வந்து என் கண்ணில் விழுந்தது. நான் என்ன அழவா செய்தேன், கண் எரிந்தது. எரிந்ததோடு எரிந்ததாகக் கொஞ்சம் அழுதும் தொலைத்தேன்.

"இன்னா அத்த, அம்மா வூட்ட இப்டி அசிங்கம் பண்ற! உனக்கு வெக்கமே இல்லியா?" என்று பின்னால் நின்று கத்தினாள். உன் குரல். அச்சு அசல் உன் குரல்.

இறங்கி, சுண்ணாம்புக் கையாலேயே அவள் தாடையைப் பிடித்து மேலே திருப்பினேன். "பாருடி. உங்கம்மா மூடி வெச்சத பாரு."

விரிசல் ஒரு சுவரிலிருந்து அடுத்த சுவர் வரை ஓடிக்கொண்டிருந்தது. அதன் நடுவில் துருப்பிடித்த கம்பி பல்லைக் காட்டியது. அவள் பார்த்தாள். அப்புறம் குனிந்து பாயைச் சுருட்டினாள். தலையணையை எடுத்துக்கொண்டாள். என் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது அவள் ஈரத்துணியோடு என் வீட்டுச் சுவரைத் தேய்த்துக்கொண்டிருக்கிறாள். வந்து அரை நாள்கூட ஆகவில்லை. விடுடி, நாளைக்கு வரைக்குமாவது விட்டுவை என்று சொல்லிப் பார்த்தேன். காதில் வாங்கவில்லை. என் நகக்கண்ணில் ஏறிய உன் சுண்ணாம்பு இன்னும் போகவில்லை. மத்தியானம் சோறு பிசையும்போதும் அந்த வாடைதான் வந்தது. உன்மேல் இருக்கிற கோபமும் அப்படித்தான், கழுவக் கழுவ இருக்கிறது.

நாளைக்கு அந்த ஆள் வருவார். மற்ற வீடுகளில் எல்லாம் இருப்பது பூசிய கரி, உன் வீட்டில் இருப்பது நிஜம். இரண்டையும் அந்த மிஷின் ஒன்றாகத்தான் பார்க்கும், பார்க்கட்டும். உன் வீட்டு வாசலில் நான்தான் நிற்பேன். வெட்கத்தை எல்லாம் நீயே எடுத்துக்கொண்டு போய்விட்டாய், என்னிடம் இருப்பது வெட்கமில்லாத வாய் மட்டும்தான். அவர் மூக்கைப் பொத்தினாலும் கையைப் பிடித்து உள்ளே இழுப்பேன். போனை மேலே தூக்கிப் பிடிக்கவைப்பேன். "நல்லா பாரு சார், எங்க வூடு அசிங்கமா கீது," என்று சொல்வேன். எங்க வூடு என்றுதான் சொல்வேன்.