விபூதி கேட்ட மனிதர்

பெரிய காஞ்சிபுரம்,
8 ஜூலை 2025

அன்புள்ள துர்காதேவிக்கு,

கிரேஸ் எழுதுவது. நீ என்னை அறியமாட்டாய். வயதில் மூத்தவள், நீ என்றே எழுதுகிறேன். உன் சூரத் முகவரியைத் தந்தவர் உன் தாயாரின் பழைய வழக்கறிஞர். போனில் சொல்லத்தக்க செய்தியல்ல இது. முழுவதும் படித்த பிறகு தாயாரிடம் கொடு.

நான் இங்கே நீதிமன்றத்தில் முப்பது ஆண்டு தட்டச்சராக இருந்தேன். என் தாள் ஒன்றுகூடப் பிழைக்காகத் திரும்பியதில்லை. கான்வென்ட் சிஸ்டர்கள் அப்படி வளர்த்தார்கள். கணவர் காலமான பிறகு, தென்னேரி அருகே சிஸ்டர்கள் நடத்தும் இல்லத்துக்கு உதவப் போகிறேன். அங்கே ஆறு ஆண்டுகளாக ஒருவர் இருக்கிறார். வாலாஜாபாத் பேருந்து நிலையத்தில் மயங்கிக் கிடந்தவர். பக்கவாதத்தில் பேச்சுப் போய்விட்டது. பதிவேட்டில் ‘பெயர் தெரியாதவர்’ என்றிருந்தது. அந்த வரியை என்னால் சகிக்க முடியவில்லை.

அவர் அடுப்புச் சாம்பலைத் தொட்டுத் தொட்டு விரலில் தேய்ப்பார். விபூதிக்கு ஏங்குகிறார் என்று வாங்கிக் கொடுத்தோம். கோயில் ஊழியர் என்று நானே முடிவுகட்டி, கோயில் வழக்குகளின் தீர்ப்புகளை நீதிமன்ற இணையதளத்தில் இரண்டு மாதம் துழாவினேன். வீண்.

இல்லத்துக்குத் துண்டுகள் கொடுக்க வந்த பிள்ளையார்பாளையத்து நெசவாளர் உதயகுமார் இதைப் பார்த்துச் சிரித்துவிட்டார். “இன்னா கிரேஸம்மா, நெத்தியில ஒரு நாளாவது வெச்சாரா? சாம்பலத் தொட்டு நூல முறுக்கிக்கினு இருக்காரும்மா. தறியில நீளவாக்குல ஓடுற பழைய பாவு நூலோட புதுப் பாவு நூலப் பிணைக்கிறாரு. நம்ம தறிக்காரரும்மா!” பேச்சிழந்த அந்த மனிதரின் தோள்துண்டு ஓரத்தைப் பார்த்தேன். நூல்கள் இரண்டிரண்டாக, முடிச்சே இல்லாமல் இணைந்திருந்தன. பட்டு ஊரில் பிறந்த எனக்கு வெட்கமாகிவிட்டது.

அதன்பின் மூன்றே நாள். ஏழாண்டுக்கு மேல் தகவல் இல்லாதவரை இறந்தவராக அறிவிக்கக் கோரி, நெசவாளர் குடும்பங்கள் தொடுத்த வழக்குகளை மட்டும் தேடினேன். 2012-இல் ஒரு தீர்ப்பு. காணாமற்போனவர் கலியாணசுந்தரம். வாதிகள் மனைவி தையல்நாயகி, மகள் துர்காதேவி. உன் தாயார் சாட்சியத்தில் சொன்ன அடையாளங்கள்: வலது கட்டைவிரல் நகத்தில் நீளப் பிளவு, இடது முழங்கையில் சாயக் கொப்பரை சுட்ட தழும்பு. இரண்டும் அவரிடம் இருக்கின்றன.

அந்தத் தீர்ப்பின் அடியில் என் சுருக்கொப்பம் இருக்கிறது. ஓர் எழுத்துப்பிழை இல்லை. உயிரோடிருந்தவரை இறந்தவர் என்று அவ்வளவு சுத்தமாகத் தட்டச்சு செய்திருக்கிறேன்.

அவர் ஏன் போனார் என்று எந்த ஆவணமும் சொல்லவில்லை. உன் தாயார் ஒற்றை ஆளாகத் தறியில் உட்கார்ந்து உன்னைப் படிக்கவைத்ததை வழக்கறிஞர் சொன்னார். தாயாருக்குக் கோபம் இருந்தால் அது நியாயமே. என் கணவரின் கல்லறைக்கு நான் ஞாயிறுதோறும் பூ கொண்டு போகிறேன். உன் தாயாருக்குப் போய் நிற்க ஓர் இடம்கூட இல்லாமல் இருபத்திரண்டு ஆண்டுகள் போயிருக்கின்றன.

குடும்பத்தார் நேரில் பார்த்து உறுதி சொல்லாமல் பதிவேட்டில் பெயர் ஏற்றக்கூடாது. விதியை நான் மீறமாட்டேன். ஆனால் நேற்று, தீர்ப்பிலுள்ள பெயர்களை அவர் எதிரே உரக்கப் படித்தேன். தையல்நாயகி என்றதும் தலைகுனிந்தார். துர்காதேவி என்றதும் கையை நீட்டி, தன் இடுப்பளவு உயரம் காட்டினார்.

நீ வந்து அவர் எதிரே நில், மகளே. எவ்வளவு வளர்ந்துவிட்டாய் என்று அவர் பார்க்கட்டும். வழியெல்லாம் ஆண்டவர் உனக்குத் துணையிருப்பார்.

உன் வரவை எதிர்பார்க்கும்,
கிரேஸ்