டப்பா மூடியும் என் பஸ்ஸும்

அன்புச் செல்லத்துக்கு அப்பா எழுதுவது,

இங்கே நானும் உன் அம்மாவும் சௌக்கியமாகத்தான் இருக்கிறோம். நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்பி எழுதுகிறேன், இல்லையென்றால் மூடி மறைக்காமல் பதில் போடு. போனில் சொல்லலாம்தான், ஆனால் நான் பாதி சொல்வதற்குள் நீ அழ ஆரம்பித்துவிடுகிறாய், மீதியை உன் அம்மா பிடுங்கிக்கொண்டு தன் இஷ்டத்துக்குச் சொல்கிறாள். அப்பா டிப்போவில் மயங்கி விழுந்துவிட்டார் என்று அவள் சொன்னதைக் கேட்டு, பஸ் ஓட்டும் வேலையே வேண்டாம், விட்டுவிடச் சொல்லுங்கள் என்றாயாம். நான் விழவில்லை கண்ணு, படுத்தேன். நடந்ததைக் கேள்.

ஆபரேஷன் செய்து இரைப்பையைச் சின்னதாக்கிய பிறகு உடம்பு நன்றாக இறங்கிவிட்டது. முழங்கால் வலி போன இடம் தெரியவில்லை, ஸ்டியரிங்குக்கும் வயிற்றுக்கும் நடுவில் இப்போது காற்றோட்டம் இருக்கிறது. டபுள் சீட் என்று டிப்போவில் வைத்த பட்டப்பெயர் மட்டும்தான் இளைக்கவில்லை. வயிறுதான் புதுப் பணக்காரன் மாதிரி எதைக் கொடுத்தாலும் முகம் சுளிக்கிறது. பால் ஆகவில்லை, குடித்தால் கடமுடாவென்று உருண்டு கழிவறைக்கு விரட்டுகிறது. கோழிக்கறியை அவசரமாக விழுங்கினால் நெஞ்சிலேயே நின்றுவிடுகிறது. இனிப்பைப் பற்றிக் கேட்கவே வேண்டாம், தின்றால் தலையைச் சுற்றும். உன் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து மெல்லுங்க மெல்லுங்க என்று சொல்லிச் சொல்லி, இப்போது வெறும் வாயையே மென்றுகொண்டிருக்கிறாள்.

இத்தனையும் தெரிந்துதான் வேலைக்குப் போன முதல் நாளே வம்பை விலைக்கு வாங்கினேன். எங்கள் டிப்போ வழக்கம் உனக்குத் தெரியுமே, நீண்ட லீவு முடிந்து ஒருவன் வந்தால் அவன் டப்பா மூடியைச் சுற்றுக்கு விடுவோம், ஆளுக்கு ஒரு வாய் தங்கள் சாப்பாட்டிலிருந்து வைப்பார்கள், அவன் மிச்சம் வைக்காமல் சாப்பிட வேண்டும். மிச்சம் வைத்தால் வைத்தவனை மதிக்கவில்லை என்று அர்த்தம். ஆசையாக வைத்ததை எப்படித் தள்ளுவது? என்னோடு வரும் கண்டக்டர் தன் பேத்தியின் பிறந்தநாள் கேக்கையே கொண்டுவந்திருந்தார். எல்லாவற்றையும் தின்றேன். கொஞ்ச நேரத்தில் வியர்த்துக் கொட்டியது, நெஞ்சு படபடவென்று அடித்தது, கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. நல்லவேளை வண்டியை இன்னும் எடுக்கவில்லை. கடைசி சீட்டில் நீட்டிப் படுத்துவிட்டேன். டிப்போ மேலாளர் ஓடிவந்து சாவியை வாங்கிக்கொண்டார். "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா உங்களுக்கு வண்டியே கிடையாதுண்ணே, தப்பா நினைக்காதீங்க" என்றார். சின்னப் பிள்ளைதான், ஆனால் அவர் சொன்னதில் தப்பு இல்லை, எனக்குப் பின்னால் பஸ் நிறைய ஜனம் உட்கார்ந்திருக்கிறதே.

பயணிகள் மறந்துவிட்டுப் போகும் சாமான்களைக் காக்கும் அறையில் என்னை உட்கார வைத்தார்கள். ஒற்றைச் செருப்பை விட்டுவிட்டு எப்படித்தான் இறங்கிப் போகிறார்களோ தெரியவில்லை. அங்கே உட்கார்ந்து ஒவ்வொரு வண்டியாக வெளியே போவதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, இனி வண்டியே கிடைக்காதோ என்று பயந்துவிட்டேன், ஆபரேஷனுக்குப் போகும்போதுகூட நான் அப்படிப் பயப்படவில்லை. ஆஸ்பத்திரியில் சாப்பாட்டு யோசனை சொல்லும் டயட்டீஷியன் அம்மா நன்றாகத் திட்டினார், பிறகு வழியும் சொன்னார். ஒரே வேளையில் அள்ளிப் போடாமல், வண்டி நிற்கும் ஒவ்வொரு கடைசி நிறுத்தத்திலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட வேண்டும், புது உணவை வீட்டில் இருக்கும் நாளில்தான் சோதிக்க வேண்டும். வண்டி இல்லாவிட்டாலும் அந்த அறையிலேயே மணி பார்த்து அப்படியே சாப்பிட்டுப் பழகினேன், மயக்கம் வரவில்லை. ஆனால் நம் ஆட்கள் பயந்துபோய் என்னைக் கண்டதும் டப்பாவை மூடிக்கொண்டு பஸ்ஸுக்குப் பின்னால் போய்ச் சாப்பிட ஆரம்பித்தார்கள். எனக்கு மனசு விட்டுப்போயிற்று. ஒரு மத்தியானம் நானே போய் நடுவில் உட்கார்ந்து, மசித்த முட்டையையும் உப்பில்லாத பயறையும் மூடியில் போட்டு, இந்தத் தடவை நான் வைக்கிறேன், நீங்கள் மிச்சம் வைக்காமல் சாப்பிடுங்கள் என்று சுற்றுக்கு விட்டேன். மெக்கானிக் ஒரு வாய் போட்டுவிட்டு, "இதைத் தின்னுக்கிட்டா இத்தனை நாளா உசுரோட இருக்கீங்க?" என்றான். சிரித்து முடிப்பதற்குள் எல்லா டப்பாவும் திறந்துவிட்டன.

டாக்டரும் சரி என்று எழுதிக் கொடுத்தார், போன திங்கட்கிழமை சாவி கைக்கு வந்தது. முதல் நடை முடிந்து கடைசி நிறுத்தத்தில் முட்டையை மென்றுகொண்டிருந்தேன், கிளம்பும் நேரம் ஆகிவிட்டது. நம் கண்டக்டரைத்தான் உனக்குத் தெரியுமே, ஒரு நொடி தாமதித்தாலும் விசில் ஊதிக் காதைக் கிழிக்கிற மனுஷன். உள்ளேயிருந்து யாரோ வண்டியை எடுங்கய்யா என்று கத்தினார்கள். அவர் விசிலைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "டிரைவர் மென்னுக்கிட்டிருக்காரு, நாம பத்திரமாப் போய்ச் சேரணும்ல, கொஞ்சம் பொறுங்க" என்றார். அந்த வாயை அவசரப்படாமல் மென்று முடித்துவிட்டுத்தான் வண்டியை எடுத்தேன். இனி வேலையை விடு என்று என்னிடம் சொல்லாதே கண்ணு.

உடம்பைப் பார்த்துக்கொள், நேரத்துக்குத் தூங்கு, எந்தக் குறையும் இல்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும். அப்பாவுக்கு ஏக்கம் வந்துவிடும் என்று நீ இப்போதெல்லாம் சாப்பாட்டைப் பற்றி எழுதுவதே இல்லையாம், உன் அம்மா சொன்னாள். என்ன சமைத்தாய், எப்படி இருந்தது என்று ஒன்று விடாமல் எழுது. படித்தால் வயிறு கெடாது.

உன்னையே நினைத்துக்கொண்டு,
அப்பா